வீட்டுக்கு முன் தெருவைப் பாருங்கள்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்ததும் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அதிராம்பட்டினத்திலும் மேலப்பாளையத்திலும் உள்ள நம் குடும்பங்கள் பலவற்றில் ஒரே பேச்சுத்தான் நடைபெறுகிறது. மகளைச் சென்னைக் கல்லூரியில் சேர்த்து விடுதியில் விடுவதா, அல்லது குடும்பத்தோடு அங்கே குடிபெயர்வதா? வாப்பா வளைகுடா நாட்டில் இருப்பார். முடிவெடுக்கும் சுமை உம்மாவின் தலையில் வந்து விழும். குடிபெயர்வதே நல்லது என்று தீர்மானமான பிறகு, தரகரிடம் கேட்கப்படும் கேள்விகள் யாவை? எத்தனை அறைகள், எவ்வளவு வாடகை, லிஃப்ட் இருக்கிறதா, கார் நிறுத்த இடம் உண்டா என்பனவே. எந்தத் தெரு என்ற கேள்வி கடைசியாக வருகிறது. பல வேளைகளில் வருவதே இல்லை.

வீட்டைத் தேடுமுன் அண்டை வீட்டாரைத் தேடு என்னும் பொருள்பட ஒரு முதுமொழி அரபு மக்களிடையே வழங்கி வருகிறது. சுவருக்கு அப்பால் குடியிருப்பவரை மட்டும் அது குறிப்பதாக நான் கருதவில்லை. தெருமுனை மளிகைக் கடைக்காரரும், பள்ளிவாசலுக்குப் போகும் வழியில் எதிர்ப்படுபவரும், மாலையில் திண்ணையில் அமர்ந்து வருவோர் போவோரைப் பார்த்திருக்கும் முதியவரும் அண்டை வீட்டார்தாம். இவர்களெல்லாம் கிடைக்க வேண்டுமானால் ஒரு நிபந்தனை உண்டு. அந்தத் தெருவில் மனிதர்கள் நடக்க வேண்டும்.

காயல்பட்டினத்தின் முடுக்குகளை அறிந்தவர்களுக்கு நான் சொல்ல வருவது எளிதில் விளங்கும். வீடுகளுக்கு இடையே பெண்களின் நடமாட்டத்திற்கென்று விடப்பட்ட ஒடுங்கிய சந்துகள் அவை. பெரிய வீதிக்கு வராமலேயே ஒரு பெண் தன் சாச்சி வீட்டுக்கும் உம்மம்மா வீட்டுக்கும் போய் வந்துவிடலாம். கல்யாண வீட்டு வேலைக்குக் கூடுவதும், நோயாளியைப் பார்த்து வருவதும், பேரீச்சம்பழம் கொண்டு கொடுப்பதும் அந்தச் சந்துகளின் வழியேதான். இவ்வாறு நாற்பது ஆண்டுகள் தன் காலாலேயே ஊரை ஆண்டு வந்த ஒரு பெண்மணியைப் பழைய மாமல்லபுரம் சாலையில் பதினான்காம் மாடியில் கொண்டு வைத்தால் என்ன நேரும் என்று எண்ணிப் பாருங்கள். கொத்தமல்லித் தழை வாங்கவும் வாகனம் வேண்டும். பிள்ளைகள் கல்லூரிக்குச் சென்றபின் பேச ஆளில்லை. கீழே பூங்கா இருக்கும், காவலாளி இருப்பார், நீச்சல் குளமும் இருக்கும். வாசலைத் தாண்டினால் லாரிகள் விரையும் நெடுஞ்சாலை. வசதிகள் அனைத்தும் இருந்தும் அவர் வீட்டுக்காவலில் இருப்பவரைப் போன்றே வாழ்கிறார். "உம்மாவுக்கு ஏன் அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகிறது?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுக்கிறார்.

ஆகவே, புதிய நகரத்தில் வீடு தேடுவோர் முதலில் கையில் எடுக்க வேண்டிய அளவுகோல் கால்தான். உடல்நலமுள்ள ஒருவர் மணிக்கு நான்கு முதல் ஐந்து கிலோமீட்டர் நடப்பார். பதினைந்து நிமிடத்தில் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகப் போகலாம். வயதான தாயாருக்கு அதில் பாதி. கையில் குழந்தையோடு செல்பவருக்கும் ஏறத்தாழ அவ்வளவே. அந்த வட்டத்திற்குள் அரிசி பருப்புக் கடை, மருந்துக் கடை, பள்ளிக்கூடம், பள்ளிவாசல், பேருந்து நிறுத்தம், மருத்துவர், நூலகம், சற்றுக் காற்று வாங்க ஓர் இடம் ஆகியவற்றில் எத்தனை அடங்குகின்றன என்று எண்ணுங்கள். பாரிசில் பேராசிரியராக உள்ள கார்லோஸ் மொரேனோ என்பவர் 2016இல் இந்தக் கருத்துக்குப் பதினைந்து நிமிட நகரம் என்று பெயர் சூட்டினார். 2020இல் அந்நகர மேயர் ஆன் இதால்கோ தேர்தலில் அதையே தம் வாக்குறுதியாக்கினார். உலகமே அதைப் புதுமை என்று பேசிற்று. நம் பழைய ஊர்க்காரர்கள் சிரித்துக் கொள்ளலாம்!

அமெரிக்காவில் இதற்கும் முன்பே ஒரு பெண்மணி இதை எழுதியிருக்கிறார். நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில், கடைகளும் வீடுகளும் கலந்த ஹட்சன் தெருவில் வாழ்ந்த ஜேன் ஜேக்கப்ஸ் என்பார், 1961இல் வெளியிட்ட தம் நூலில், தெருவின் பாதுகாப்பு போலீஸ்காரரிடம் மட்டும் இல்லை, தெருவைப் பார்த்துக் கொண்டிருக்கும் பல கண்களிடம் இருக்கிறது என்று விளக்கினார். கலைஞர்களும் எழுத்தாளர்களும் புதுச் சிந்தனையாளர்களும் அந்தப் பகுதியை நாடிச் சென்றதற்குக் காரணமும் அதுவே. வாடகை குறைந்த பழைய கட்டடங்கள், நடந்தே சந்திக்கக்கூடிய நண்பர்கள், இன்னாருக்கு மட்டும் என்று கதவடைக்காத தெருக்கள். இம்மூன்றும் சேர்ந்திருக்கும் இடத்தில்தான் கலையும் முற்போக்கும் தாமாகவே வளர்கின்றன. விளம்பரப் பலகையில் எழுதி வைத்து அவற்றைக் கொண்டுவர இயலாது.

சென்னையில் அப்படி ஓரிடத்தைக் காட்டுங்கள் என்று நீங்கள் கேட்டால், நான் தயங்காமல் திருவல்லிக்கேணியைக் காட்டுவேன். முகம் சுளிக்காதீர்கள். நெரிசல் என்பீர்கள், உண்மை. மாடி அறைகளில் திருமணமாகாத இளைஞர்கள் நிறைந்த "மேன்ஷன்கள்" என்பீர்கள், அதுவும் உண்மை. குறைகளுக்குப் பின்னர் வருகிறேன். முதலில் நடந்து பார்ப்போம்.

ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பெயரால் 1795இல் எழுந்த வாலாஜா பள்ளிவாசலின் முன்னே நில்லுங்கள். அதன் வளாகத்தில்தான் காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாகிப் அடக்கம் பெற்றிருக்கிறார். அந்தச் சாலைக்கும் அவர் பெயரே இப்போது வழங்குகிறது. பள்ளிவாசலின் சுவரில் ஒரு பாரசீகக் கல்வெட்டு உண்டு. "திக்ருல்லாஹி அக்பர்" என்னும் சொற்றொடரின் எழுத்துகளுக்கு உரிய எண்களைக் கூட்டினால் 1209 வரும். பள்ளிவாசல் எழுந்த ஹிஜ்ரி ஆண்டு அது. அதை யாத்தவர் நவாபின் அவையில் இருந்த ராஜா மக்கன் லால் கிராத் என்னும் இந்து அறிஞர். நோன்பு மாதத்தில் இதே பள்ளிவாசலில் நோன்பு திறக்க வருவோருக்கு உணவு சமைத்துக் கொண்டுவந்து பரிமாறும் பணியை, மயிலாப்பூரிலுள்ள சூஃபிதார் அறக்கட்டளையைச் சேர்ந்த இந்துச் சகோதரர்கள் பல்லாண்டுகளாகச் செய்து வந்திருக்கின்றனர். மதநல்லிணக்க மாநாடு கூட்டி நிறைவேற்றிய தீர்மானம் அன்று இது. ஒரு பகுதியின் பழக்கம்.

அங்கிருந்து பாரதி சாலைக்குத் திரும்புங்கள். பழைய பைகிராப்ட்ஸ் சாலைதான். நடைபாதையில் பழைய புத்தகக் கடைகள் வரிசையாக இருக்கும். 1985இல் மூர் மார்க்கெட் தீக்கிரையான பின்னர் பழைய புத்தகம் தேடுவோருக்கு மிஞ்சிய சில இடங்களுள் இதுவும் ஒன்று. அருகே ஜாம் பஜார் சந்தை. இன்னும் சிறிது தூரத்தில் பார்த்தசாரதி கோயில். அதன் பக்கத்துத் தெருவில் 1921இல் மறையும் வரை பாரதியார் வாழ்ந்த வீடு, இன்று நினைவில்லம். கிழக்கே சேப்பாக்கம் மாளிகை, சென்னைப் பல்கலைக்கழகம், மாநிலக் கல்லூரி, அவற்றுக்கு அப்பால் கடற்கரை. பறக்கும் ரயில் என்று மக்கள் அழைக்கும் ரயில் 1995இல் சேப்பாக்கம் வரையிலும் 1997இல் மயிலாப்பூர் வரையிலும் வந்து, 2007இல் வேளச்சேரியைத் தொட்டது. ஆகவே அடையாறு, தரமணிப் பக்கம் படிக்கும் பிள்ளைகளும் இங்கிருந்து போய் வரலாம். அண்ணா சாலைக்குச் சென்றால் காயிதே மில்லத் அரசு மகளிர் கல்லூரி.

பெண்களுக்கென ஒன்றைச் சிறப்பாகச் சொல்ல வேண்டும். "கோஷா ஆஸ்பத்திரி" என்று இன்றும் மக்கள் வாயில் வழங்கும் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை இங்கேதான் இருக்கிறது. ஆண் மருத்துவரிடம் செல்லத் தயங்கி வீட்டிலேயே பிள்ளைப்பேற்றில் மடிந்துகொண்டிருந்த கோஷாப் பெண்களுக்காக மேரி ஷார்லீப் என்னும் பெண் மருத்துவரின் முயற்சியால் 1885இல் தோன்றியது அது. நம் பாட்டிமார்களின் தேவை ஒன்றை ஒரு நகரம் கேட்டு, அதற்கு ஒரு கட்டடம் எழுப்பிற்று என்பது சிறிய செய்தியா? முற்போக்கு என்னும் சொல்லை நாம் பெரிய மேடைகளிலேயே கேட்டுப் பழகிவிட்டோம். ஒரு மருத்துவமனையின் பெயரிலும் அது இருக்கக் கூடும்.

"கலை நமக்கு எதற்கு? நாங்கள் பிள்ளையைப் படிக்க வைக்கத்தானே போகிறோம்?" என்று கேட்கும் பெற்றோர் உண்டு. அவர்களுக்கு ஒரு செய்தி. 1850இல் சென்னையில் தொடங்கிய கலைப் பள்ளியே இன்று அரசு கவின் கலைக் கல்லூரியாக விளங்குகிறது. அங்கே பயின்றவர்களுள் ஒருவர் சுல்தான் அலி (1920–1990). பழங்குடி மக்களின் வடிவங்களைத் தம் ஓவியங்களில் கொணர்ந்து நாடறிந்த ஓவியரானவர். அக்கல்லூரியின் முதல்வராயிருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் அமைத்த சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் அவரும் வாழ்ந்தார். அந்த ஓவியர்கள் கைவினைப் பொருள்கள் செய்து விற்ற பணத்தைக் கொண்டு நிலம் வாங்கி, கூடி வீடு கட்டிக் கொண்டவர்கள். நம் வீட்டுப் பிள்ளை ஒன்றுக்குக் கையில் இந்த வரம் இருந்தால், அதை இனம் காண ஓர் அருங்காட்சியகமாவது அருகில் வேண்டாமா? எழும்பூரில் 1851இல் தோன்றிய அரசு அருங்காட்சியகமும், அதே வளாகத்தில் 1896இல் திறக்கப்பெற்ற கன்னிமாரா நூலகமும் இருக்கின்றன. திருவல்லிக்கேணியிலிருந்து பேருந்தில் சிறிது நேரம்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் எட்வர்ட் பால்ஃபர் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவரின் ஊக்கத்தால் முகம்மதன் பொது நூலகம் எழுந்ததும் இந்தத் திருவல்லிக்கேணியில்தான். எழும்பூர் அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளரும் அவரே.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. கலைக்குப் பேர் பெற்ற இடம் என்று கேள்விப்பட்டு அங்கேயே வீடு வேண்டும் என ஓடாதீர்கள். சோழமண்டலம் பார்த்து மகிழ வேண்டிய இடம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் உம்மா நடந்து மீன் வாங்கப் போக இயலுமா? மேலும், கலைஞர்கள் மலிவு கருதிக் குடியேறும் இடம், அவர்களாலேயே புகழ் பெற்று, அந்தப் புகழாலேயே விலையேறி, இறுதியில் அவர்களையே வெளியே தள்ளிவிடும். நியூயார்க்கின் சோஹோவில் நேர்ந்தது அதுதான். கைவிடப்பட்ட ஆலைக் கட்டடங்களில் ஓவியர்கள் குடியிருக்க 1971இல் சட்டம் இடங்கொடுத்தது. பின்னர் அங்கே செல்வந்தர்களுக்கே இடம் கிடைத்தது. பெசன்ட் நகர் அழகானது, நடப்பதற்கு இனியது, கலாக்ஷேத்ராவும் தொலைவில் இல்லை; அங்குள்ள ஊரூர் ஆல்காட் குப்பத்து மீனவர் வீதியில் 2015இல் கர்நாடக இசையையும் பறையையும் ஒரே மேடையில் ஏற்றிய விழாவும் நடந்தது. வாடகையைக் கேட்டால் மட்டும் மூச்சு நின்றுவிடும். விழாவுக்கு ரயிலேறிச் சென்று வருவது போதும்.

இனி, சொல்லத் தயங்குகிற செய்திக்கு வருகிறேன். தொலைபேசியில் இனிக்கப் பேசிய வீட்டு உரிமையாளர், நம் பெயரைச் சொன்னவுடன், "நேற்றே ஒருவர் முன்பணம் கொடுத்துவிட்டார்" என்பார். மறுவாரமும் அதே வீட்டின் முன் "வாடகைக்கு" என்ற பலகை தொங்கும். சிலர் "சைவம் மட்டும்" என்று நாசூக்காகச் சொல்வார்கள். நம்மில் எத்தனையோ பேர் இதைக் கண்டிருக்கிறோம். தலித் சகோதரர்களும் இதையே காண்கின்றனர். சட்டத்தில் இதற்கு நேரடி மருந்து எளிதில் கிடைப்பதில்லை. குஜராத்தில் பார்சிகளின் கூட்டுறவு வீட்டுச் சங்கம் ஒன்றின் வழக்கில், பார்சிகள் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற சங்க விதி செல்லும் என்றே 2005இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனியார் தம் வீட்டை யாருக்கு வாடகைக்கு விடுவது என்பதில் கேட்பார் இல்லாத நிலையே நீடிக்கிறது.

இப்படி இரண்டு முறை அவமானப்பட்டவுடன், "நம்மவர்கள் மட்டும் இருக்கும் தெருவே போதும்" என்று ஒதுங்கிவிடத் தோன்றும். அந்த மனவேதனையை நான் குறை கூறவில்லை. மண்ணடியில் காயலாரும் கீழக்கரையாரும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். பாங்கொலியும் ஊர்ப் பேச்சும் சேர்ந்தே காதில் விழும். புதிதாக வருபவருக்கு அது பெரும் ஆறுதல். ஆனால் பதினெட்டு வயது மகளை நகரத்துக்கு அழைத்து வந்ததே அவள் நாலுபேரோடு பழகி, நாலையும் அறிந்து, தன்னம்பிக்கையோடு வளர வேண்டும் என்பதற்குத்தானே? நாம் எந்தக் கதவு அடைக்கப்பட்டதென்று வருந்துகிறோமோ அந்தக் கதவை உட்புறமிருந்து நாமே அடைத்துக் கொள்ளலாமா? கோயிலும் பள்ளிவாசலும் மாதாகோயிலும் ஒரே பேருந்து வழியில் இருக்கும் பழைய கலப்புப் பகுதிகளில், உங்கள் பெயரைக் கேட்டுத் திடுக்கிடும் உரிமையாளர்கள் குறைவு. தலைமுறைகளாக அவர்கள் இந்தப் பெயர்களைக் கேட்டுப் பழகியவர்கள். திருவல்லிக்கேணி, ராயப்பேட்டை, எழும்பூர், புரசைவாக்கம் ஆகிய பகுதிகளை நான் பரிந்துரைப்பது இதனால்தான். வேடிக்கை என்னவென்றால், திருவல்லிக்கேணியில் உங்கள் பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பமே தக்னி உருதுவில் பேசி உங்களை விழிக்க வைக்கும். காயல் தமிழுக்கு அவர்கள் விழிப்பார்கள். ஆறு மாதத்தில் பிரியாணிச் சட்டிகள் இரு பக்கமும் போய் வரத் தொடங்கிவிடும்.

வீட்டைப் பார்க்கத் தரகருடன் காரில் சென்று காரிலேயே திரும்புவதில் எனக்கு நம்பிக்கையில்லை. தெருமுனையில் இறங்கி நடந்து செல்லுங்கள். உம்மாவையும் மகளையும் கட்டாயம் உடன் அழைத்துச் செல்லுங்கள். ஆண்கள் மட்டும் போய்ப் பார்த்து முடிவு செய்யும் தெருவில் அன்றாடம் நடக்கப் போவது அவர்கள்தாமே! சுப்ஹுத் தொழுகை முடிந்து திரும்பும் நேரத்தில் ஒருமுறை போங்கள். பால் வண்டி, குப்பை, நாய்கள், குழாயடி எல்லாம் உண்மை முகத்தோடு இருக்கும் நேரம் அது. இஷாவுக்குப் பின் ஒருமுறை போங்கள். பெண்கள் தனியாக நடந்து வருகிறார்களா, மருந்துக் கடையிலும் இட்லிக் கடையிலும் விளக்கெரிகிறதா என்று பாருங்கள். எட்டரை மணிக்குப் பெண்கள் இயல்பாக நடமாடும் தெருவுக்கு வேறு நற்சான்று தேவையில்லை. இயன்றால் மழை பெய்த மறுநாளும் செல்லுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரியும் முடிச்சூரும் பட்ட பாட்டை மறக்கலாகாது. மதிலின் அடிப்பகுதியில் தண்ணீர் நின்ற கறை இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி விவரம் தெரிந்துவிடும்.

நடைபாதையையும் அளந்து பாருங்கள். குடியிருப்புத் தெருவில் தடையின்றி நடக்க 1.8 மீட்டர், அதாவது ஏறக்குறைய ஆறடி அகலம் வேண்டும் என்றும், கடைத்தெருவில் 2.5 மீட்டர் வேண்டும் என்றும் இந்தியச் சாலைப் பேரவை 2012இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. சென்னை மாநகராட்சியோ 2014இல் ஒரு கொள்கையையே ஏற்று, போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டை நடப்போருக்கும் சைக்கிளில் செல்வோருக்கும் ஒதுக்குவதாக அறிவித்தது. 2019 நவம்பரில் தியாகராய நகர் பாண்டி பஜாரில் அமைந்த அகன்ற நடைபாதை வளாகத்தைக் கண்டால் அந்தக் கொள்கை என்ன செய்ய வல்லது என்பது விளங்கும். அதே நகரின் மற்றத் தெருக்களில், மின்பெட்டியும் இருசக்கர வாகனங்களும் டீக்கடை பெஞ்சும் அந்த ஆறடியை விழுங்கியிருப்பதைக் கண்டால் கொள்கைக்கும் கல்லுக்கும் உள்ள தூரமும் விளங்கும். மூட்டுவலியுள்ள தாயார், இறங்கி ஏறி இறங்கி ஏறி நடக்க வேண்டிய நடைபாதையைவிட, வண்டிகள் மெல்லச் செல்லும் நடைபாதையற்ற குறுந்தெருவே மேல் என்பது என் கருத்து.

திருவல்லிக்கேணியின் குறைகளைச் சொல்வதாக வாக்களித்தேன். வீடுகள் பழையவை, அறைகள் சிறியவை, வெளிச்சம் குறைவு. தண்ணீர் எந்த நேரத்தில் வருகிறது, தொட்டி எவ்வளவு கொள்ளும் என்று குடியிருப்பவரிடமே கேளுங்கள். உரிமையாளர் சொல்வதைப் பாதியாகக் கொள்ளுங்கள். கார் வைத்திருப்பவர் அதை மறந்துவிட வேண்டும். சேப்பாக்கத்தில் கிரிக்கெட் நடக்கும் நாளில் விருந்தினரை அழைக்கலாகாது. மேன்ஷன்கள் நெருங்கிய தெருவில் வயது வந்த மகளோடு குடியேற வேண்டாம். இரண்டு தெரு தள்ளிப் போனால் குடும்பங்கள் வாழும் பகுதி வந்துவிடும். அறைகள் சிறியவை என்பதற்குப் பிள்ளைகள் முதல் மாதம் முணுமுணுப்பார்கள். மூன்றாம் மாதம் அவர்கள் வீட்டில் இருக்கவே மாட்டார்கள். உம்மாவும்தான்!

வீடு அமைந்துவிட்டால் வாய்ப்பேச்சோடு நிறுத்தாதீர்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும்; அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக் கொண்டாலன்றி, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது. பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் வழக்கம் சென்னையில் ஊறிப்போன ஒன்று. ஆகவே கையெழுத்திடுமுன் அந்த ஒரு வரியை மட்டும் இருமுறை படியுங்கள். வாப்பா ஊருக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒப்பந்தத்தை உம்மாவின் பெயரிலேயே எழுதிக் கொள்ளலாம். அந்தத் தெருவில் குடியிருக்கப் போகிறவர் அவரே.